வட்டத்திலிருந்து எழுந்து போனவர்

என் அப்பா ஓர் அநியாயம் செய்தார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் பெயரைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னார். அவள் எதிரிலேயே சொன்னார். அவள் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டபோது, பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.

அதற்கு முந்தைய வருடம் எனக்குப் பதினான்கு வயது. மேற்கு தாம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளி வாசலில் ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஃபிளக்ஸ் கட்டுவார்கள். படங்கள் மாறும், நூறு சதவீதத் தேர்ச்சி என்ற வரி மட்டும் மாறாது. அந்த நூறு எப்படி வருகிறது என்பது ஊரில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். தேறாது என்று தோன்றும் பிள்ளைகளின் அப்பா அம்மாவை ஒன்பதாவது முடியும்போதே கூப்பிட்டு, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் பாஸ். இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்குக் கணக்கு வராது. எண்கள் என் கண்ணில் இடம் மாறிவிடும். கேள்வித்தாளில் முப்பத்தாறாக இருந்தது, என் விடைத்தாளுக்கு வருவதற்குள் அறுபத்துமூன்று ஆகிவிடும். வேண்டுமென்றே செய்கிறேன் என்று அடித்தார்கள். கவனம் இல்லை என்று வெளியே நிற்க வைத்தார்கள். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

அப்பா எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் குரலைக் கேட்டாலே அங்கே பத்துப் பேர் எழுந்து நிற்பார்களாம். அவரே பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் பிரின்சிபால் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சார், ஒரே ஒரு வருஷம் சார், நான் பாத்துக்கறேன் சார்" என்று கெஞ்சினார். நான் பக்கத்தில் நின்றேன். பிரின்சிபால் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "ஸ்கூல் பேரு இருக்கு இல்லயா சார்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தி, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எங்கள் காலனி முனையில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அக்காதான் வழி சொன்னார். அம்மா துணி கொடுக்கப் போன இடத்தில் அழுதுவிட்டாள் போலிருக்கிறது.

"அட இன்னாமா இதுக்குப் போயி அழுதுகினு. எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலு கீது பாரு, ஏரிக்கு அந்தாண்ட. அங்க யாரையும் துரத்த மாட்டாங்கோ. நான் சொன்னேன்னு சொல்லு" என்றாராம்.

இஸ்திரி வண்டிக்காரி மகள் படிக்கும் பள்ளியா என்று அப்பா முகத்தைச் சுளித்தார். வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை. அதனால் போனோம்.

நுழைவுத் தேர்வு வைப்பார்கள் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். நான்கு நாள் எனக்குத் தயாரிப்பு. மாநிலத் தலைநகரங்கள், பதினேழாம் வாய்ப்பாடு, முதல் குடியரசுத் தலைவர் யார். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தபோதும் விடவில்லை. "நாகாலாந்து?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார். "கோஹிமா" என்று நான் முதுகுக்குப் பின்னால் இருந்து கத்தினேன்.

பள்ளிக்கு மதில் இருந்தது, கேட் திறந்தே இருந்தது. ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம், அதை ஒட்டி ஒரு மாடிக் கட்டடம். வேப்பமரத்தடியில் நான்கு பாய். தலைமையாசிரியை கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீருடை இல்லாத இரண்டு மாணவர்கள், அவர்களும் உரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பாவுக்கு இது முதல் அதிர்ச்சி.

"உக்காரும்மா. எங்ககிட்ட என்ன கேக்கணுமோ கேளு" என்றார் தலைமையாசிரியை அக்கா.

எனக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் சார்பில், "ஷீ வில் ஆன்ஸர் மேடம், நீங்க கேளுங்க" என்றார்.

"நாங்க கேக்க மாட்டோம் சார். சேர்றது அவ. எடம் பிடிக்குதான்னு அவதான் பாக்கணும். கேளும்மா."

நாகாலாந்தும் பதினேழாம் வாய்ப்பாடும் வீணாகப் போயின. அப்பா இது ஏதோ தந்திரக் கேள்வி என்று நினைத்து, ‘நல்லதாக் கேளு’ என்று கண்ணால் மிரட்டினார். எனக்கு நல்லது எதுவும் தோன்றவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் கேட்டேன்.

"பாத்ரூம்ல தாழ்ப்பா இருக்கா?"

பழைய பள்ளியில் இருக்காது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அங்கே பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால், ஒன்பதாவது முழுக்க நான் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். இதை நான் வீட்டில் சொன்னதில்லை.

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாணவி எழுந்து பாவாடையைத் தட்டினாள். நல்ல உயரம், முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. "வா, காமிக்கிறேன்" என்றாள். அவள்தான் எஸ்தர், இஸ்திரி போடும் அக்காவின் மகள். கழிவறைக் கதவைச் சாத்தி உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள் போட்டுக் காட்டினாள். கீழே எதற்கு என்று கேட்டேன். "சக்கர நாற்காலில வர்றவங்கோ எக்கி எக்கிப் போடுவாங்களா? மண்டை கீதா உனுக்கு?" என்றாள்.

திரும்பி வந்து இரண்டாவது கேள்வி கேட்டேன். "கணக்குல ஃபெயிலானா வெளிய அனுப்புவீங்களா?"

"இல்ல" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அப்பா உடனே முன்னால் சாய்ந்து, "இத எழுத்துல குடுப்பீங்களா மேடம்?" என்றார். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய் ஒரு தாள் கொண்டுவந்தார். சேர்ந்த பிள்ளையைப் படிப்பின் காரணமாகப் பள்ளி வெளியே அனுப்பாது, பள்ளிப் பெயரில் பொதுத்தேர்வு எழுதுவது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. எல்லாப் பெற்றோருக்கும் கொடுப்பதாம். அப்பா அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதி.

நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டில்கூடக் குறை சொல்வேன் என்று என்னோடு வர அஞ்சுவார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் முதல் மாதம் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்தேன்.

அங்கே மணி அடிப்பதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பையனுக்கு மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளத் தோன்றுமாம். அதனால் மணியைக் கழற்றிவிட்டு, பாடவேளை மாறும்போது கொடிக்கம்பத்தில் மஞ்சள் துணி ஏற்றினார்கள். ஒரே ஒரு பையனுக்காக! பழைய பள்ளியில் இரண்டாயிரம் பேருக்காக ஒரு தாழ்ப்பாள் போடவில்லை. மஞ்சள் துணி வந்தபிறகுதான் தெரிந்ததாம், காது கேட்காத இரண்டு பிள்ளைகள் அதுவரை மணி அடித்ததே தெரியாமல் மற்றவர்கள் எழுவதைப் பார்த்து எழுந்துகொண்டிருந்தார்கள் என்று.

மாடி இருந்தது, மாடியில் வகுப்பு இல்லை. மாடி ஏற முடியாத ஒருத்தி எந்த வகுப்பில் இருந்தாலும் அந்த வகுப்பு மட்டும் கீழே இருந்தால் போதுமே என்று நான் கேட்டேன். "அப்ப அவ மத்த கிளாசுக்குப் போயி சண்டை போட வேணாமா?" என்றாள் எஸ்தர். எஸ்தருக்குச் சண்டை முக்கியம். என்னை முதல் நாளிலிருந்து ‘தாழ்ப்பா’ என்றுதான் கூப்பிட்டாள். என் டப்பாவில் இருந்த மாங்காய் ஊறுகாயை எடுத்துத் தின்றுவிட்டு, "உங்கம்மாவுக்கு உப்பு போடத் தெரியல" என்பாள். அவளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். வாசிக்க வராது, ஒரு பக்கம் படிக்க ஒரு பாடவேளை ஆகும். ஆனால் வாசித்துக் காட்டினால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். பரீட்சையில் அவள் வாயால் சொன்னாள். நான் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாக, ஒவ்வொன்றையும் விரல் வைத்துத் தொட்டுத் தொட்டுப் போட்டேன். எத்தனை நேரம் ஆனாலும் யாரும் தாளைப் பிடுங்கவில்லை. முதல் முறை என் விடை சரியாக வந்தபோது கணக்கு அண்ணாவுக்கே நம்பிக்கை இல்லை, மூன்று தரம் சரிபார்த்தார்.

எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் வெள்ளிக்கிழமை வட்டம். மதியத்துக்கு மேல் மொத்தப் பள்ளியும் ஓட்டுக் கட்டடத்தில் வட்டமாகத் தரையில் உட்காரும். யார் மேலும் யாரும் புகார் சொல்லலாம். எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. ஒருவர் திக்கினாலும், யோசித்தாலும், அவர் வாக்கியத்தை அடுத்தவர் முடித்துவைக்கக் கூடாது. முடித்தால் வட்டமே தலையில் கை வைத்துக்கொள்ளும், சாவு வீடு மாதிரி. கேள்வி கேட்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று வரும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள்.

நான் சேர்ந்த மாதமே ஐந்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கணக்கு அண்ணா மேல் புகார் வைத்தான். "‘இதுகூடத் தெரியாதா’ன்னு ஏன்ணா கேட்டீங்க? தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வரேன்?" அண்ணா வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "தெரியலடா. தப்புதான்" என்றார். நான் கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. பையன் தலையாட்டினான், அடுத்த புகாருக்குப் போனார்கள். ஓர் ஆசிரியர் தப்பு என்று சொல்லி, மறுநாளும் ஆசிரியராகவே இருக்க முடியும் என்று நான் அன்றுதான் கண்டேன்.

பத்தாவதில் நாங்கள் பதினொரு பேர். பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரம் வந்தது. அதற்குள் எங்கள் காலனியிலிருந்தும் பக்கத்துக் காலனிகளிலிருந்தும் பல பிள்ளைகள் அங்கே சேர்ந்திருந்தார்கள். கண்ணியமான குடும்பங்கள், மாதச் சம்பளக்காரர்கள். அந்தப் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருக்கோடி மாமா வீட்டு மொட்டை மாடியில் கூடினார்கள். அப்பாவும் போனார். பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறைந்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பள்ளி நொடித்துவிடும், ஆகவே தேறாத பிள்ளையைத் தனித்தேர்வராக எழுதச் சொல்ல வேண்டும் என்று அங்கே பேசியிருக்கிறார்கள். தனித்தேர்வர் என்றால் அவள் தோல்வி அவளோடு போகும், பள்ளிக் கணக்கில் வராது. தேறாத பிள்ளை என்று எஸ்தர் பெயரைச் சொன்னார்கள். பேசப் போவது என் அப்பா.

இது எனக்கு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. "எஸ்தரா?" என்றேன். "பெரியவங்க விஷயம்" என்றார் அப்பா. அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், ஊற்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள். தலைமையாசிரியை அக்காவின் அறையில் நாற்காலி போட்டுப் பேசலாம் என்று எதிர்பார்த்தார்கள். அக்கா அவர்களை ஓட்டுக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நாங்கள் பதினொரு பேரும், மற்ற வகுப்புகளிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். 

"பசங்க எதுக்கு மேடம்?" என்றார் ஒருவர்.

"யாரப் பத்திப் பேசறமோ அவங்க இல்லாம இங்க பேசறதில்ல சார்."

"சென்ஸிட்டிவ் மேட்டர் மேடம். குழந்த மனசு கஷ்டப்படும்."

"கஷ்டப்படற மாதிரி ஏதாவது பேசப் போறீங்களா?"

பேண்ட் கசங்கிவிடுமே என்று முணுமுணுத்தபடி எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். வட்டத்தை நடத்தும் முறை அந்த வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது. அவனுக்குத் திக்கும். எஸ்தர் எனக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கடைசியாக, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பொட்டியில கங்கு போட்டுட்டு வந்துகீறேன், சீக்கிரம் சொல்லுங்கோ" என்றபடி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்பா இளநீலச் சட்டை போட்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். பள்ளியின் சேவையைப் பாராட்டினார். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்றார். "ஒரு பொண்ணு இருக்கா. யாரோட மனசையும் புண்படுத்தறது நோக்கமில்ல. அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான்..."

"பே... பே..." என்றான் வட்டத்தை நடத்திய பையன்.

"பேசறேன்ப்பா, பேசிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

பிள்ளைகள் எல்லாரும் தலையில் கை வைத்தோம். நானும் வைத்தேன், பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. அப்பா என்னைப் பார்த்தார். பையன் அவசரப்படாமல் மறுபடி ஆரம்பித்தான். "பே... பேரு சொல்லுங்க அங்கிள்."

"எஸ்தர்" என்றார் அப்பா. சொன்ன பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அதற்குப் பிறகு முறைப்படி சுற்று போனது. அப்பா மறுபடி பேச வாயெடுத்த போதெல்லாம், "எல்லாரும் ஒரு தடவ முடியட்டும் அங்கிள்" என்றார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலனிப் பெற்றோர் இரண்டு பேர் அப்பா சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். எஸ்தரின் அம்மா முறை வந்தது.

"சார், நீ போட்டுகினு கீற சட்டை நேத்து நான் தேச்சது. காலர்ல ஒரு மடிப்பு கீதா பாரு" என்றார். எல்லாரும் அப்பாவின் காலரைப் பார்த்தார்கள். "சுருங்கிக் கீதுன்னு ஒரு துணிய நான் திருப்பி அனுப்பிச்சுக்கீறனா? சுருங்குன துணிக்குத்தானே சார் நானு? சுருங்காத துணிய எவன் எங்கிட்ட கொண்டாறான்? நீ உம் பொண்ணுக்கு எடம் இல்லன்னு நின்னப்போ நான்தானே இந்த ஸ்கூலச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டனா?"

அப்பா காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏன் தொட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பிறகு எஸ்தர். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள். அவள் காலாட்டுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

"அங்கிள், நான் ஃபெயிலானா உங்களுக்கு இன்னா ஆவும்?"

"ஸ்கூலுக்குக் கெட்ட பேரும்மா."

"அது ஸ்கூலுக்கு. உங்களுக்கு இன்னா ஆவும்?"

"மத்த பசங்க எதிர்காலம்..."

"அது மத்த பசங்களுக்கு. நான் உங்களக் கேட்டேன் அங்கிள்."

வட்டம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது? முப்பது நாற்பது பேர். இருமல்கூட இல்லை. விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு விமானம் கிளம்பிக் கூரைக்கு மேலே போய் மறைந்தது. யாரும் அப்பாவை அவசரப்படுத்தவில்லை. யாரும் அவருக்குப் பதில் எடுத்துக் கொடுக்கவில்லை. திக்கும் பையனுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்களோ அவ்வளவு நேரம் அவருக்கும் கொடுத்தார்கள். அவர் மேல் யாருக்கும் கோபம்கூட இல்லை, உண்மையில் பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருந்தார்கள். எஸ்தரும்தான். ஒரு பெரிய மனிதரை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தி நான் பார்த்ததில்லை.

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நேராக என்னை மட்டும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு தரையில் கை ஊன்றி எழுந்து, வட்டத்தின் நடுவே நடந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் வட்டத்திலிருந்து எழுந்து போனதில்லையாம்.

சுற்று நிற்கவில்லை. சில பேருக்குப் பிறகு என் முறை வந்தது. பையன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் "தெரியாது" என்றேன். யாரும் எனக்காக அந்த வாக்கியத்தையும் முடித்துவைக்கவில்லை.

கடைசியாகத் தலைமையாசிரியை அக்கா, பட்டியலில் பதினொரு பெயர் போகும் என்றார். பதினொன்றும் போயின. பொதுத்தேர்வில் எஸ்தர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார், கூடுதல் நேரம் கொடுத்தார்கள். இரண்டு பாடத்தில் தோற்றாள். துணைத்தேர்வில் ஒன்று, அதற்கு அடுத்த முறை இன்னொன்று என்று முடித்தாள். நான் கணக்கில் முப்பத்தாறு வாங்கினேன். முப்பத்தாறுதான், நூறு முறை பார்த்துவிட்டேன். மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. பள்ளி நொடிக்கவில்லை. இன்றும் அங்கே மஞ்சள் துணி ஏறுகிறது. எஸ்தர் அங்கேயே சின்ன வகுப்புகளுக்கு அக்கா. குழந்தைகளோடு அதே சண்டை.

அப்பா என்னைப் பள்ளியிலிருந்து எடுப்பார் என்று பயந்தேன். எடுக்கவில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பக்கம் வரவே இல்லை, எல்லாவற்றுக்கும் அம்மாதான் வந்தாள். இஸ்திரித் துணியைச் சந்திப்புக்கு அப்பால் வேறு கடையில் கொடுக்கச் சொன்னார். அவமானப்பட்டதால் எழுந்து போனார் என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறு பெண் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்று நினைத்தேன்.

பதில் இருந்தது.

போன மாதம் தாம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடிக் கூட்டம் நடந்த வீட்டு மாமாவைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். பையை வாங்கிக்கொண்டேன். நான் இப்போது என்ன செய்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். "பரவால்லியே! அன்னிக்கு மாடியில போட்ட தேறாத பசங்க லிஸ்ட்ல மொதப் பேரே உன் பேருதாம்மா, தெரியுமா?" என்று சிரித்தார். ஏதோ வேடிக்கை சொல்வதுபோல்தான் சொன்னார். "நீயும் அந்த இஸ்திரிக்காரம்மா பொண்ணும். ரெண்டு பேரு. உங்கப்பா எங்க கையப் புடிச்சிட்டாரு. ‘எம் பொண்ணு பேர எடுத்துடுங்க, நானே போய்ப் பேசறேன்’னாரு. பாவம். நாங்களும் சரின்னுட்டோம்."

அப்பா, இப்போது உங்களிடம் பேசுகிறேன். எஸ்தர் தோற்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அவள் பெயரை அடிக்க உங்களால் முடியாவிட்டால், மொட்டை மாடியில் செய்த பேரம் முறிந்து, என் பெயரையும் அடிக்கச் சொல்வார்கள் என்பதுதான் பதில். அதைச் சொல்ல வாயைத் திறந்தீர்கள், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். என்னை வெளியே அனுப்பச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியக் கூடாது என்று எழுந்து போனீர்கள். அந்தப் பார்வை எனக்கு அன்று புரியவில்லை. அதில் கோபம் இருந்தது என்று நினைத்தேன். இருந்தது பயம். இன்னொரு முறை என் எதிரில் கெஞ்ச நேருமோ என்ற பயம்.

புரிந்துவிட்டதால் சரியாகிவிடாது. உங்கள் மகளைக் காப்பாற்ற இன்னொருத்தியின் மகளைக் கொடுத்தீர்கள். அந்த வட்டத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் அவர்களே காப்பாற்றியிருப்பார்கள். அந்த இடம் அப்படிப்பட்டது. அங்கே இருந்த ஐந்தாம் வகுப்புப் பொடியனுக்குக்கூட அது தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன், டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். அதனால்தான் இதை அச்சில் கேட்கிறேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு பழைய மாணவர்களும் பெற்றோரும் கூடுகிறோம். எஸ்தர் வருவாள். அவள் அம்மா வருவார். நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன், எனக்குத் தெரியக் கூடாதது இனி ஒன்றும் இல்லை. முட்டி வலிக்கிறது என்றால் நாற்காலி போடுவார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் வந்து உட்கார்ந்து, எஸ்தரின் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.